நான்கு கோடி இலக்கமும் ஐந்து மதிப்பெண்ணும்

2024 அக்டோபர் 21 அன்று, இதுவரை அறியப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய பகா எண் எது என்ற அறிவிப்பு வெளியானது. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் 1-ஐக் கழித்தால் அந்த எண் கிடைக்கும். அதில் 4,10,24,320 இலக்கங்கள் இருக்கின்றன. பக்கத்துக்கு 3,000 இலக்கம் வீதம் அச்சிட்டால் 13,675 பக்கம் வரும். கண்டுபிடித்தவர் பெயர், பரிசுத் தொகை, இலக்கங்களின் எண்ணிக்கை என்று மூன்று நான்கு வரிகளில் அந்தச் செய்தி நம் கண்ணைக் கடந்து போய்விட்டது.

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு. நீளம் ஒரு பெரிய விஷயமே இல்லை. 1-ஐ எழுதிப் பின்னால் ஐந்து கோடிப் பூஜ்யங்களைப் போட்டால் இதைவிட நீளமான எண் கையில் வந்துவிடும். இந்த எண்ணில் வியக்க வேண்டியது வேறொன்று. அதன் நான்கு கோடிச் சொச்சம் இலக்கங்களையும் யாரும் உட்கார்ந்து வாசிக்கப் போவதில்லை. ஆனாலும் அதைப் பற்றிப் பல விஷயங்களைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்ல முடிகிறது. அவற்றில் பாதியை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு தாங்களே நிறுவிவிடலாம். பகா எண்ணை நாம் கற்பிக்கும் முறையில் அந்த அனுபவத்துக்கு இடமே வைக்கவில்லை. அதை மாற்ற வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கரும்பலகையில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்று எழுதி, இதன் கடைசி இலக்கம் என்ன என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். கால்குலேட்டரில் அடங்காத எண்ணின் கடைசி இலக்கத்தை எங்கே போய்த் தேடுவது? 2-இன் அடுக்குகளை வரிசையாக எழுதச் சொன்னேன். 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024. பத்தாவது எண்ணுக்கு வருமுன்பே முன்பெஞ்சு மாணவி ஒருத்தி எழுந்துவிட்டாள். கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று திரும்பத் திரும்ப வருகிறது. அப்படியென்றால் அடுக்கை 4-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும். அதற்கும் முழு எண் தேவையில்லை; கடைசி இரண்டு இலக்கமான 41-ஐ வகுத்தால் போதும். மீதி 1. ஆகவே பெருக்கல் விடை 2-இல் முடியும். 1-ஐக் கழித்தால் கடைசி இலக்கம் 1.

அப்போது பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், அந்த எண்ண யாருமே முழுசா எழுதிப் பாக்கலையே. நடுவுல எங்கயாச்சும் அந்தச் சுத்து மாறியிருந்தா?”

இந்த ஒரு கேள்விக்காக எத்தனை பாடவேளை வேண்டுமானாலும் கொடுக்கலாம். பத்து எண்களில் பார்த்த ஒழுங்கு பதின்மூன்று கோடியாவது இடம்வரை நீடிக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அவனையே பலகைக்கு அழைத்தேன். 6-இல் முடியும் எண்ணை இரண்டால் பெருக்கினால் எதில் முடியும்? 12, ஆகவே 2-இல். முன்னால் எத்தனை இலக்கம் இருந்தாலும் கடைசி இலக்கத்தை அவை தொடுமா? தொடாது. 2-க்குப் பின் 4, 4-க்குப் பின் 8, 8-க்குப் பின் 6, 6-க்குப் பின் மறுபடி 2. வேறு வழியே கிடையாது. சாக்பீஸைக் கீழே வைக்கும்போது அவன் முகத்தில் சந்தேகம் இல்லை. நான் சொன்னதை அவன் நம்பவில்லை, தானே பார்த்துவிட்டான். கணிதத்தில் நிரூபணம் என்பது இதுதான்.

அடுத்து, கடைசி இரண்டு இலக்கங்களையும் கண்டுபிடிக்கலாமா என்றார்கள். 2-இன் அடுக்குகளில் கடைசி இரண்டு இலக்கங்கள், 4-இலிருந்து தொடங்கி, இருபது அடுக்குக்கு ஒருமுறை திரும்ப வரும். நம் அடுக்கை 20-ஆல் வகுத்தால் மீதி 1. 2²¹ = 20,97,152 என்பது 52-இல் முடிகிறது; எனவே நம் எண் 51-இல் முடியும். முதல் இலக்கத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் லாக் டேபிள் உதவும். 2-இன் மடக்கை 0.3010 என்று எடுத்து அடுக்கால் பெருக்கினால் இலக்கங்களின் எண்ணிக்கை 4,10,20,233 என்று வரும். உண்மையான எண்ணிக்கையைவிட நான்காயிரத்துச் சொச்சம் குறைவு. நான்கே தசம இலக்கங்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கிவிட முடிகிறது. பத்து தசம இலக்கம்வரை எடுத்துக்கொண்டால் எண்ணிக்கை சரியாக 4,10,24,320 என்று நிற்கும்; எண் 8-இல் தொடங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இதன் இன்னொரு குணம் என் மாணவர்களை அதிகம் கவர்ந்தது. 2-இன் அடுக்கில் 1 குறைந்த எண்களை வரிசையாக 8-ஆல் வகுத்துப் பாருங்கள். 7, 15, 31, 63, 127 என எதை எடுத்தாலும் மீதி 7. நம் எண்ணுக்கும் அப்படியே. இப்போது எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 ஆகிய மூன்றில் ஒன்றுதான் வரும். இந்த மூன்றிலிருந்து எந்த மூன்றைக் கூட்டினாலும் 8-ஆல் வகுக்க 7 மீதி வரவே வராது. ஆக இந்தப் பகா எண்ணை மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? நிச்சயம் முடியும். எந்த முழு எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று லக்ராஞ்சி 1770-இல் நிறுவியிருக்கிறார். 31 என்பது 25 + 4 + 1 + 1. 127 என்பது 121 + 4 + 1 + 1. நான்கு கோடி இலக்கம் கொண்ட எண்ணுக்கு மூன்று வர்க்கம் போதாது, நான்கு போதும் என்று ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து உறுதியாகச் சொல்ல முடிகிறது. வேறு எந்தத் துறையில் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இப்படி ஓர் அதிகாரம் கிடைக்கும்?

இந்த எண் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்பதும் அறியத் தகுந்தது. கணினி பயன்படுத்தும் இரும எண்முறையில் இதை எழுதினால் பூஜ்யமே இருக்காது. வரிசையாக 13,62,79,841 ஒன்றுகள் மட்டுமே. இப்படி ஒன்றுகளால் மட்டும் ஆன எண் பகா எண்ணாக இருக்க வேண்டுமானால், ஒன்றுகளின் எண்ணிக்கையே பகா எண்ணாக இருந்தாக வேண்டும். காரணத்தை நமக்குப் பழகிய தசம முறையிலேயே காட்டலாம். 111111-இல் ஆறு ஒன்றுகள். அவற்றை மும்மூன்றாகப் பிரித்தால் 111 × 1001. இரண்டிரண்டாகப் பிரித்தால் 11 × 10101. ஒன்றுகளைச் சம கூட்டங்களாகப் பிரிக்க முடிந்தால் எண்ணும் உடைந்துவிடும். பிரிக்க முடியாத எண்ணிக்கையில் ஒன்றுகள் இருந்தால்தான் தப்பிக்க வாய்ப்பு.

வாய்ப்புத்தான், உறுதி கிடையாது. 11 பகா எண்; ஆனால் 2¹¹ − 1 = 2047 என்பது 23 × 89. பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென் 1644-இல், 257 வரையிலான அடுக்குகளில் எவை பகா எண் தரும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். 67-உம் 257-உம் அதில் தவறாக இடம்பெற்றன. 61, 89, 107 ஆகியவை விடுபட்டன. பட்டியலை முழுமையாகச் சரிபார்க்க முந்நூறு ஆண்டுகள் ஆயின. ஆனாலும் இந்த வகை எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

23-ஐயும் 89-ஐயும் மறுபடி பாருங்கள். 23 என்பது 22 + 1. 89 என்பது 88 + 1. இரண்டுமே 22-இன் மடங்கோடு ஒன்று கூடியவை. 22 என்பது 11-இன் இருமடங்கு. இது தற்செயலாக அமைந்ததில்லை. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்கும்போது, மெர்சென் எண்ணை வகுக்கும் எந்த எண்ணும் அடுக்கின் இருமடங்கால் வகுத்தால் 1 மீதி தர வேண்டும். பெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து சில வரிகளில் கிடைக்கும் முடிவு இது. அப்படியானால் நம் எண்ணை ஏதாவது வகுப்பதாக இருந்தால், அந்த வகுஎண் குறைந்தது 27 கோடியே 25 லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். 3-ஆல் வகுபடுமா, 7-ஆல் வகுபடுமா, 9,973-ஆல் வகுபடுமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவே வேண்டாம். 27 கோடி வரைக்குமான வகுத்தல் வேலையைச் சில வரி வாதம் மிச்சப்படுத்திவிடுகிறது.

அதற்கு மேல்? வகுத்துப் பார்த்து இந்த எண்ணைப் பகா எண் என்று காட்ட யாராலும் முடியாது. பிரபஞ்சத்தின் வயது போதாது. இங்கே கைகொடுப்பது 1870-களில் பிரான்சின் எதுவார் லூக்கா கண்ட வழி. அமெரிக்கரான டி.எச். லேமர் 1930-களில் அதைச் செம்மைப்படுத்தினார். 4-இலிருந்து தொடங்க வேண்டும். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க வேண்டும். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்து முடிக்கும்போது மீதி பூஜ்யம் வந்தால் அது பகா எண், வராவிட்டால் இல்லை.

127-க்குச் செய்து பார்ப்போம். அது 2⁷ − 1. ஆகவே ஐந்து தடவை. 4-இன் வர்க்கம் 16. இரண்டு போனால் 14. 14-இன் வர்க்கம் 196. இரண்டு போனால் 194. 127-ஐ எடுத்துவிட்டால் 67. 67-இலிருந்து 42. 42-இலிருந்து 111. 111-இன் வர்க்கம் 12,321. இரண்டு போனால் 12,319. அது சரியாக 127 × 97. மீதி பூஜ்யம்! வகுப்பில் இதைச் செய்தபோது கடைசி வரிக்கு வருவதற்குள் நான்கைந்து குரல்கள் “ஜீரோ” என்று கத்திவிட்டன. இதே வேலையை 2047-க்குச் செய்தால் ஒன்பதாவது தடவையில் 1736 மீதி நிற்கும். 23 என்றோ 89 என்றோ எதுவும் தெரியாமலே 2047 உடையக்கூடிய எண் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

இந்த வழியின் ஆழம் அங்கேதான் இருக்கிறது. 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று லூக்கா 1876-இல் காட்டினார். ஆனால் அதன் காரணிகள் எவை என்று அவருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் அந்தக் காரணிகளை முன்வைத்தார்: 19,37,07,721-ஐயும் 7,61,83,82,57,287-ஐயும் பெருக்கினால் அந்த எண் வருகிறது. முதல் காரணியில் 1-ஐக் கழித்து 134-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 14,45,580 கிடைக்கும். மேலே சொன்ன விதி அங்கேயும் பிசகவில்லை. அதே 1876-இல் லூக்கா 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்றும் நிறுவினார். கையால் கணக்கிட்டு உறுதிசெய்யப்பட்ட மெர்சென் பகா எண்களில் அதுவே மிகப் பெரியது. 1951 வரை அதைவிடப் பெரிய பகா எண் எதுவும் அறியப்படவில்லை.

2024-இல் நடந்ததும் அதே 4-இலிருந்து தொடங்கும் கணக்கின் தொடர்ச்சிதான். ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய ‘ஜிம்ப்ஸ்’ என்ற கூட்டு முயற்சியில் உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளில் மெர்சென் எண்களைச் சோதித்து வருகிறார்கள். கலிபோர்னியாவின் சான் ஹோசேயைச் சேர்ந்த லூக் டூரண்ட், பல நாடுகளின் தரவு மையங்களிலிருந்த வரைகலைச் செயலிகளை இந்த வேலைக்கு ஈடுபடுத்தினார். அயர்லாந்தின் டப்ளினில் இருந்த செயலி ஒன்று அக்டோபர் 11 அன்று, இது பகா எண்ணாக இருக்கக்கூடும் என்று முதலில் காட்டியது. மறுநாள் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் இருந்த செயலி லூக்கா–லேமர் சோதனையை முடித்துப் பூஜ்யத்தைக் கண்டது. 13 கோடியே 62 லட்சத்துச் சொச்சம் தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு கோடி இலக்கம் வரையுள்ள எண்ணை வர்க்கப்படுத்துதல். ஓரிடத்தில் ஓர் இலக்கம் பிசகினாலும் எல்லாம் வீண். அதனால் வேறு வேறு நிரல்களிலும் வேறு வேறு வன்பொருள்களிலும் திரும்பச் செய்து சரிபார்த்த பிறகே அறிவித்தார்கள். பரிசான 3,000 டாலரைத் தான் படித்த அலபாமா பள்ளிக்கே தருவதாக டூரண்ட் சொன்னார்.

சரி, இதனால் என்ன பயன்? இந்தக் கேள்வி வந்ததும் பலரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: வங்கிப் பரிவர்த்தனையைப் பாதுகாக்கும் குறியாக்கத்துக்குப் பெரிய பகா எண்கள் தேவை என்பது. பாதி உண்மையான இந்தப் பதிலைப் பிள்ளைகளிடம் சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். இன்று பரவலாக உள்ள 2048 பிட் ஆர்எஸ்ஏ முறைக்கு வேண்டியவை, ஒவ்வொன்றும் 300 இலக்கத்துக்குச் சற்று மேற்பட்ட இரண்டு பகா எண்கள். அவை யாருக்கும் தெரியாதவையாக இருக்க வேண்டும். உலகமே அறிந்த, நான்கு கோடி இலக்கம் கொண்ட பகா எண்ணால் அந்த வேலைக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை.

நேர்மையான பதில் இதைவிடச் சுவையானது. 1952 ஜனவரி 30 அன்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் இருந்த ‘ஸ்வாக்’ என்னும் கணினியில் ரபேல் ராபின்சன் எழுதிய நிரல் ஓடியது. அந்தக் கணினியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கையேட்டைப் படித்துத்தான் நிரலை எழுதினார். அன்றைக்கு 157 இலக்கம் கொண்ட 2⁵²¹ − 1 பகா எண் என்று தெரிந்தது. எந்தப் பயனையும் கருதி அவர் அதைத் தேடவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் பரிந்துரைத்த குறியாக்க முறைகளில் ஒன்று, பி–521 என்பது, அதே பகா எண்ணை அடித்தளமாகக் கொண்டு அமைந்தது. அந்த முறையில் இந்தப் பகா எண் ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றுகளால் மட்டும் ஆன எண் என்பதால் கணினி அதனால் வகுத்து மீதி எடுப்பது மிக எளிது, அதற்காகவே தேர்ந்தெடுத்தார்கள். 1994-இல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது விடை ஒத்துவரவில்லை. தேடிப் பார்த்ததில் இன்டெலின் பென்டியம் சில்லிலேயே வகுத்தல் பிழை இருந்தது தெரியவந்தது. அதைச் சரிசெய்ய அந்த நிறுவனம் 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. பயன் எப்போது, எந்த வாசல் வழியாக வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இப்போதைக்கு இந்தப் பெரிய எண்ணுக்குப் பயன் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதும் இல்லை. உண்மையை உறுதியாக அறிவதே மனிதனுக்குப் பெரிய பேறு.

நமக்கும் இதில் நேரடியான பங்கு இருக்கிறது. லூக்கா–லேமர் சோதனை மெர்சென் எண்களுக்கு மட்டுமே செல்லும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது பகா எண்ணா என்று, நிரூபிக்கப்படாத எந்த அனுமானத்தையும் சாராமல், நியாயமான காலத்தில் நிச்சயமாகச் சொல்லும் வழி உண்டா என்பது வெகுகாலம் விடை தெரியாத கேள்வியாக இருந்தது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் இளநிலைப் பொறியியல் படிப்பை முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகிய இரு மாணவர்களும் உண்டு என்று காட்டினார்கள். அவர்களுடைய வழியின் தொடக்கம் பாஸ்கல் முக்கோணத்திலேயே இருக்கிறது. ஏழாவது வரிசையில் இரு முனைகளையும் விட்டுவிட்டால் 7, 21, 35, 35, 21, 7. எல்லாமே 7-ஆல் வகுபடும். ஆறாவது வரிசையில் 6, 15, 20, 15, 6. 15-உம் 20-உம் 6-ஆல் வகுபடாது. வரிசை எண் பகா எண்ணாக இருந்தால் மட்டுமே உள்ளே இருப்பவை எல்லாம் அதனால் வகுபடும். நம் மாணவர்கள் அந்த முக்கோணத்தை ஈருறுப்பு விரிவுக்காக வரைந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். நாமும் விட்டுவிடுகிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 22-இல் ராமானுஜன் படத்துக்கு மாலை போட்டுத் தேசியக் கணித நாள் கொண்டாடுகிறோம். ஒரு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவே பகா எண் ஒன்று கட்டாயம் இருக்கும் என்பதை ரஷ்யாவின் செபிஷேவ் 1852-இலேயே நிறுவியிருந்தார். ராமானுஜன் 1919-இல் மிகச் சுருக்கமான புது நிரூபணம் ஒன்றைக் கொடுத்தார். நம் நான்கு கோடி இலக்க எண்ணுக்கும் இது பொருந்தும். அதற்கும் அதன் இருமடங்குக்கும் நடுவே இன்னொரு பகா எண் நிச்சயம் இருக்கிறது. உண்மையில் அந்தப் பக்கத்தில் சராசரியாக 9 கோடியே 44 லட்சம் எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். ஆகவே அங்கே கணக்கற்ற பகா எண்கள் உண்டு. அவற்றில் ஒன்றைக்கூட இன்றுவரை யாராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. விழாவில் பேச்சுப் போட்டி வைப்பதற்குப் பதில் இந்த ஒரு செய்தியைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். ராமானுஜன் செய்த வேலை என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

விடை தெரியாத கேள்விகளையும் சொல்லலாம். இது இதுவரை அறியப்பட்ட 52-ஆவது மெர்சென் பகா எண். 53-ஆவது இருக்கிறதா? இந்த வகை எண்கள் முடிவில்லாமல் நீள்கின்றனவா? யாருக்கும் தெரியாது. தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகையாகவே அமையும் 6, 28, 496 போன்ற செவ்விய எண்கள் உண்டு. யூக்ளிட் காட்டிய வழியில் ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் அப்படி ஒரு செவ்விய எண்ணைத் தரும். நம் எண் தருவதில் 8 கோடியே 20 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் எல்லாமே இப்படி வருபவை என்று ஆய்லர் நிறுவினார். ஒற்றைப்படையில் ஒன்றாவது உண்டா? இரண்டாயிரம் ஆண்டுகளாக விடை இல்லை. பாடநூலில் உள்ள எல்லாக் கேள்விக்கும் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும் என்று நம்பி வளரும் பிள்ளைக்கு, உலகில் யாருக்கும் விடை தெரியாத கேள்வி ஒன்று தனக்கும் புரிகிறது என்பது பெரிய உந்துதல்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, போர்ஷனை யார் முடிப்பது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். அந்தச் சுமை எனக்கும் இருக்கிறது. பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டுக்கு நானும் பதில் சொல்ல வேண்டியவள்தான். ஆனால் இதற்குப் புதுப் பாடம் எதுவும் வேண்டாம். பகுபடும் தன்மையின் விதிகள் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. பத்தாம் வகுப்பின் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ இயலில் மட்டு எண்கணிதம் இருக்கிறது. கருவிகள் எல்லாம் பிள்ளைகளின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்திப் பார்க்கத் தகுந்த ஒரு பெரிய எண்ணை நாம்தான் அவர்கள் முன்னால் வைக்காமல் இருக்கிறோம். ‘பகா எண் என்றால் என்ன?’ என்று கேட்டு, மனப்பாடமான ஒரு வரிக்கு மதிப்பெண் போட்டுவிட்டுப் போகிறோம்.

பாடத்திட்டம் வகுப்போரிடமும் வினாத்தாள் தயாரிப்போரிடமும் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதையும் இல்லை. பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வி: 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணின் கடைசி இலக்கத்தைக் கண்டுபிடி, உன் விடை ஏன் சரி என்று விளக்கு. ஐந்து மதிப்பெண். விடைக்கு ஒன்று, காரணத்துக்கு நான்கு. தேர்வில் வரும் என்று தெரிந்துவிட்டால் வகுப்பறைகளில் அதற்கான நேரம் தானாக வந்துவிடும்.